ஒரு பெயர், பல கபிலர்: திருக்கோவலூர்ச் சான்றுகளை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

தமிழிலக்கிய வரலாற்றில் ஒரே பெயரைத் தாங்கிய புலவர் பலர். அவர்களுள் கபிலர் என்னும் பெயர் சங்கத் தொகை நூல்கள், பதினெண்கீழ்க்கணக்கு, பதினோராந் திருமுறை, பிற்கால அகவல் என நான்கு இடங்களில் காணப்படுகிறது. நூல்களில் பயிலும் தெய்வம், யாப்பு, சொல்லாட்சி ஆகியவற்றைக் கொண்டு இவர்களை வெவ்வேறு புலவராகப் பிரிப்பது இருபதாம் நூற்றாண்டு ஆய்வின் வழக்கம். இப்பிரிப்பு பெரும்பாலும் பொருந்துவதே. ஆயினும் சங்கக் கபிலர் ஒருவர்க்கே இரு வேறு இறுதிகள் சொல்லப்படுவதை அது கருதவில்லை. புறநானூற்றுக் கொளுவும் திருக்கோவலூர்க் கல்வெட்டும் தம்முள் முரண்படுகின்றன. 'கபிலர் எத்தனை பேர்' என்னும் வினாவோடு, 'எந்தக் காலத்தார் எந்தக் கபிலரை வேண்டினர்' என்னும் வினாவையும் எழுப்ப வேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கபிலர், தொல்கபிலர், கபிலதேவ நாயனார், கபிலக்கல், ஔவையார், திருக்கோவலூர், கொளு, பெயரொப்புமை.

1. முன்னுரை

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் சின்னசேலம். அதன் பெயரில் 'சேலம்' என்பது வேறோர் ஊரோடு பகிர்ந்துகொண்ட பகுதி. 'சின்ன' என்பது அதனின்றும் பிரித்துக் காட்டும் அடை. அருகிலுள்ள மலைத்தொடரும் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதியாகவே வழங்குகிறது. இம்மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தோற்றக் கதையோ இதற்கு மாறான போக்குடையது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் பதிவான அக்கதை, காஞ்சிபுரத்திலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் உடன்பிறந்தாரிடமிருந்து வெவ்வேறு மலைகளில் வாழும் மக்களின் வழி தோன்றியதாகக் கூறுகிறது.

ஒரு பெயரைப் பலர் தாங்கும்போது அடைமொழி இட்டுப் பிரிப்பது ஒரு முறை. வெவ்வேறு இடத்தும் நிலையிலும் வாழ்வோரை உடன்பிறப்பாக்கி இணைப்பது மற்றொரு முறை. ஊர்க்கும் மலைக்கும் குடிக்கும் வழங்கும் இவ்விரு முறைகளும் புலவர் மரபிலும் வழங்கியுள்ளன. அதற்குச் சிறந்த சான்று கபிலர் பெயர். அப்பெயரோடு மிக நெருங்கிய ஊரும் இம்மாவட்டத்தினதே. 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவானபோது சின்னசேலமும் திருக்கோவலூரும் அதன் வட்டங்களாயின. சங்கப் பாடல்களில் கோவலூர் எனப்படுவதும், இன்று திருக்கோவிலூர் என எழுதப்படுவதும் தென்பெண்ணையாற்றங்கரையில் உள்ள இவ்வூரே.

2. தொகுத்தோர் கண்ட வழி

சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் பெயரொப்புமையால் விளையும் இடரை நன்கு உணர்ந்திருந்தனர். புலவர் பெயர்களோடு அவர்கள் தந்துள்ள அடைகளை ஊர், தந்தை, தொழில், இயல்பு என வகைப்படுத்தலாம். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் ஊரும் தந்தையும் ஒருங்கே நிற்கின்றன. பொருந்தில் இளங்கீரனார் என்பதில் ஊரும் இளமையும் நிற்கின்றன. பெருங்குன்றூர் கிழார் என்பதில் இயற்பெயர் மறைந்து ஊரும் உரிமையும் மட்டுமே எஞ்சியுள்ளன.

இவ்வரிசையில் வருபவர் தொல்கபிலர். அகநானூறு 282, குறுந்தொகை 14 ஆகியவற்றோடு நற்றிணைப் பாடல்கள் சிலவும் இவர் பெயரில் உள்ளன. 'தொல்' என்னும் அடை, தொகுத்தோர் காலத்திலேயே கபிலர் இருவர் அறியப்பட்டிருந்தனர் என்பதைக் காட்டுகிறது. இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. அடை பெற்றவர் முன்னவர். அடையின்றி நிற்பவர் பின்னவர். காலத்தால் முந்தியவர்க்கே பெயர் உரியது என்னும் எதிர்பார்ப்புக்கு இது மாறானது. புகழால் மிக்கவர் பெயரைத் தனக்கே உரியதாக்கிக்கொள்ள, அவர்க்கு முன்னரே அப்பெயரைத் தாங்கியவர் வேறுபடுத்தும் அடையைச் சுமக்க நேர்ந்தது. பெயரொப்புமை காலத்தோடு மட்டும் தொடர்புடைய சிக்கலன்று, புகழோடும் தொடர்புடையது என்பதற்குத் தொல்கபிலரே முதற்சான்று.

3. அடையற்ற கபிலரும் அவர் சமகாலத்தாரும்

அடையின்றி வழங்கும் கபிலர் பெயரில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பாடல்கள் நூறும், செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடிய பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தும், 261 அடிகளைக் கொண்ட குறிஞ்சிப்பாட்டும் அவற்றுள் அடங்கும். குறிஞ்சிக்கலி 29 பாடல்களும் இவர் பெயரில் வழங்குகின்றன. ஆயினும் கலித்தொகையை ஐவர்க்குப் பகிர்ந்தளிக்கும் வெண்பா பிற்காலத்தது. 1887இல் அந்நூலைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை முழுவதையும் நல்லந்துவனார்க்கே உரியதாகக் கொண்டார். எனவே இவ்வொரு பகுதியில் கபிலர் பெயர் உறுதியானதன்று.

இவரை அறிய உதவும் வலுவான சான்று, பிற புலவர் பாடல்களில் இவர் இடம்பெறுவதே. மாறோக்கத்து நப்பசலையார் புறநானூறு 126இல், மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் பாடிய பின் பிறர் பாட இடமில்லை என்னும் கருத்தை முன்வைக்கிறார். பொருந்தில் இளங்கீரனார் 53ஆம் பாடலில் கபிலர் இன்றில்லையே என ஏங்குகிறார். நக்கீரர் அகநானூறு 78இல், முற்றுகையிடப்பட்ட பறம்பில் கிளிகளைக் கொண்டு கதிர் கொணர்வித்த செய்தியோடு கபிலரை இணைக்கிறார். இவர்கள் எவரும் கபிலர்க்கு அடைமொழி இட்டுப் பிரிக்க வேண்டிய தேவையை உணரவில்லை.

இக்கபிலர் திருக்கோவலூரோடு கொண்ட தொடர்பும் பாடல்வழி உறுதிப்படுவது. புறநானூறு 121 முதல் 124 வரையுள்ள நான்கு பாடல்கள் மலையமான் திருமுடிக்காரியைப் பாடியவை. அவற்றுள் எதிலும் பாரி மகளிர் பற்றிய குறிப்பு இல்லை. 200 முதல் 202 வரையுள்ள பாடல்களில் விச்சிக்கோன், இருங்கோவேள் ஆகியோரிடம் அம்மகளிரை ஏற்குமாறு கபிலர் வேண்டுகிறார், அவர்கள் ஏற்கவில்லை. மலையமானிடம் அவ்வாறு வேண்டியதாகப் பாடல் ஏதுமில்லை.

4. நாற்பதும் திருமுறையும்

பதினெண்கீழ்க்கணக்குள் ஒன்றாகிய இன்னா நாற்பதின் ஆசிரியரும் கபிலர். இவரைச் சங்கக் கபிலரின் வேறாகக் கொள்வதற்குக் காட்டப்படும் காரணங்களுள் ஒன்று அதன் கடவுள் வாழ்த்து. சிவன், பலராமன், திருமால், முருகன் ஆகிய நால்வரையும் ஒருங்கே கூறுவது பிற்கால நிலை என்பது அவ்வாதம். இது ஆராயத்தக்கது. இந்நால்வரையும் ஒருங்கே கூறி, பாண்டியனை அவர்களோடு ஒப்பிடும் நக்கீரர் பாடல் புறநானூற்றில் 56ஆம் எண்ணில் உள்ளது. எனவே தெய்வத் தொகுதியை மட்டும் கொண்டு இன்னா நாற்பதைப் பிற்காலத்தது எனல் இயலாது. வெண்பா யாப்பு, நீதியை அடுக்கிக் கூறும் அமைப்பு, சொல்லாட்சி ஆகியவையே அதனைச் சங்கப் பாடல்களிலிருந்து விலக்குகின்றன. முடிவு சரியாயினும் அதற்கு இட்டுச் சென்ற வழிகளுள் ஒன்று வலுவற்றது.

பதினோராந் திருமுறையின் நிலை இன்னும் தெளிவானது. அதில் கபிலதேவ நாயனார் பெயரில் மூத்த நாயனார் திருவிரட்டை மணிமாலை, சிவபெருமான் திருவிரட்டை மணிமாலை, சிவபெருமான் திருவந்தாதி என மூன்று நூல்கள் உள்ளன. மூத்த நாயனார் என்பது விநாயகரைக் குறிப்பது. சங்கப் பாடல்களில் விநாயகர் வழிபாடு இல்லை. யாப்பு வகையும் பிற்காலத்தது. ஆகவே இவர் வேறொருவர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இங்குக் கேட்கப்பட வேண்டிய வினா வேறு. அதே திருமுறையில் நக்கீரதேவ நாயனார், பரணதேவ நாயனார், கல்லாடதேவ நாயனார் ஆகியோரும் உள்ளனர். கபிலர், பரணர், நக்கீரர், கல்லாடர் எனச் சங்கப் புலவர் நால்வர் பெயரும் ஒரே தொகுப்பில் 'தேவர்' என்னும் ஒட்டோடு மீண்டும் வருகின்றன. நான்கு பெயரும் தற்செயலாக ஒருங்கு அமைந்தன எனக் கொள்வது அரிது. பழம்புலவர் பெயரைச் சைவ அடியார் தாங்கியிருக்கலாம்; அல்லது தொகுத்தோர் அப்பெயரை அவர்க்கு ஏற்றியிருக்கலாம். எவ்வாறாயினும் சைவ மரபு தன்னைச் சங்கத்தோடு இணைத்துக்கொள்ள விழைந்தது என்பது இதனால் புலனாகும். 'தொல்' என்னும் முன்னொட்டு இருவரைப் பிரித்தது. 'தேவ நாயனார்' என்னும் பின்னொட்டோ பிரிப்பது போலத் தோன்றினும் இணைக்கும் தொழிலையே செய்கிறது.

5. கபிலக்கல்: ஒருவர்க்கு இரு இறுதிகள்

மேற்கண்ட பிரிப்புகளுக்குப் பின்னும் எஞ்சும் சிக்கல் சங்கக் கபிலரின் இறுதியைப் பற்றியது. புறநானூறு 236இல் கபிலர், தம்மை உடன் வரவிடாத பாரியின் நட்பைக் கடிந்துகொண்டு, மறுமையிலும் பிரியாதிருக்க ஊழ் உதவட்டும் என வேண்டுகிறார். வடக்கிருத்தலையோ தீப்புகுதலையோ பாடல் கூறவில்லை. பாடலின் கீழ் உள்ள கொளுவே, பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்புவித்துக் கபிலர் வடக்கிருந்ததாகத் தெரிவிக்கிறது.

திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு வேறு கூறுகிறது. அதன்படி, கபிலர் பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையர்க்கு அளித்து, வீடுபேற்றை எண்ணித் தீப்புகுந்தார், அவ்விடம் கபிலக்கல். தென்பெண்ணையாற்றில் இன்றும் காணப்படும் கபிலர் குன்றோடு இப்பெயர் இணைத்து அறியப்படுகிறது.

இரு சான்றுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் இரண்டு வேறுபாடுகள் தெரியும். மகளிரை ஏற்றவர் கொளுவில் பார்ப்பார், கல்வெட்டில் மலையர். இறப்பின் முறை கொளுவில் வடக்கிருத்தல், கல்வெட்டில் தீப்புகுதல். இன்று பரவலாகச் சொல்லப்படும் வரலாறோ, கல்வெட்டிலிருந்து இடத்தையும் மணத்தையும், கொளுவிலிருந்து வடக்கிருத்தலையும் எடுத்து ஒன்றாக்கி, கபிலர் இப்பாறையில் வடக்கிருந்து உயிர்நீத்தார் என்கிறது. இம்மூன்றாம் வரலாற்றை இரு மூலங்களுள் எதுவும் கூறவில்லை.

கல்வெட்டு ஏன் தீயைக் கூறுகிறது என்பதற்கு அதன் சூழலிலேயே விடை தேடலாம். இராசராசனின் தாய் வானவன் மாதேவி மலையர் குலத்தவர். கணவன் சுந்தர சோழன் இறந்தபோது, பால்மணம் மாறாக் குழந்தையைப் பிரிந்து அவர் தீப்புகுந்த செய்தியை இக்கல்வெட்டே புகழ்ந்துரைக்கிறது. ஒரே சாசனத்தில் அரசமாதேவியின் தீயும் புலவரின் தீயும் இடம்பெறுகின்றன. மலையர் குலத்தின் பெருமையே சாசனத்தின் மையம். அக்குலத்திற்குப் பெண் கொடுத்த புலவராகக் கபிலரும், அக்குலத்தில் பிறந்து தீப்புகுந்த பெண்ணாக வானவன் மாதேவியும் ஒரே நெறியில் நிற்கின்றனர். வடக்கிருக்கும் கபிலர் இவ்வமைப்பில் பொருந்தமாட்டார். இது ஊகமே எனினும், சாசனத்தின் நோக்கத்தோடு இயைந்த ஊகம்.

இதனால் கல்வெட்டுப் பயனற்றதாகிவிடாது. பல நூற்றாண்டுகளுக்குப் பிந்திய அது கபிலர் இறந்த முறைக்கு நேர்ச்சான்று ஆகாது. ஆயினும் இராசராசன் காலத்தில் கோவலூரார் கபிலர் என்றவுடன் யாரை நினைத்தனர் என்பதற்கு நேர்ச்சான்று. அவர்கள் நினைத்தது பாரியின் நண்பரை. நீதி நூலாசிரியரையோ விநாயகரைப் பாடியவரையோ அச்சாசனம் அவரோடு கலக்கவில்லை. வள்ளுவரின் உடன்பிறப்பு என்னும் கதைக்கும் அதில் இடமில்லை.

6. இணைக்கும் கதை: அகவலும் ஔவையும்

உடன்பிறப்புக் கதை கபிலர் அகவலோடு தொடர்புடையது. ஆதி, பகவன் ஆகியோர்க்கு உப்பை, உறுவை, ஔவை, வள்ளி, வள்ளுவர், கபிலர், அதிகமான் என எழுவர் பிறந்து, வெவ்வேறு குடிகளில் வளர்ந்தனர் என்பது அக்கதை. பார்ப்பனர் வீட்டில் வளர்ந்த கபிலர்க்கு உபநயனம் செய்ய மறுத்தவர்களை நோக்கிப் பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என அகவல் வாதிடுகிறது.

வரலாறு என்னும் நிலையில் இக்கதை நில்லாது. அதிகமான் நெடுமான் அஞ்சி கோவலூரை வென்றவன். அவ்வூர் காரிக்கு உரியது. காரியைப் பாடியவர் கபிலர். புறநானூறு 99இல் அஞ்சியின் கோவலூர் வெற்றியை ஔவையார் பாடுகிறார். பகையான இரு அவைகளைச் சார்ந்தோரை அகவல் மரபு ஒரு தாய் வயிற்றினராக்குகிறது. எனினும் பிழை எனத் தள்ளிவிடுவதோடு ஆய்வு நிற்கலாகாது. சங்கக் கபிலரை அந்தணர் எனப் புறநானூறே கூறுகிறது. சாதியை மறுக்கும் குரலுக்குப் பிறப்பு உயர்வு கற்பிக்கப்பட்ட ஒருவரின் பெயரே தேவைப்பட்டது. அவ்வந்தணரின் பிறப்பையே ஐயத்திற்குரியதாக்கியதில் கதையின் கூர்மை உள்ளது. பெயர் மாறியிருந்தால் வாதம் வலுவிழந்திருக்கும்.

ஔவையார் பெயரின் வரலாறு இதற்கு இணையானது. அஞ்சியைப் பாடியவர், ஆத்திசூடி முதலிய நீதி நூல்களை இயற்றியவர், விநாயகர் அகவல் பாடியவர் எனப் பலர் அப்பெயரில் உள்ளனர். மூத்த பெண்ணை, தாயைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவும் 'ஔவை' வழங்கியதால் பெயர் பரவுதல் எளிதாயிற்று. இங்கும் கோவலூரே களம். ஔவையாரைப் பெரியானைக் கணபதி துதிக்கையால் தூக்கிக் கயிலையில் சேர்த்தார் என்னும் கதை வீரட்டானேசுவரர் கோயிலோடு தொடர்புடையது. சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலை செல்லுங்கால் இது நிகழ்ந்ததாகக் கூறுவதால், அஞ்சி முதல் சேரமான் பெருமாள் வரை ஒரே ஔவை வாழ்ந்தாற்போல் ஆகிறது. கபிலர் பெயரும் ஔவையார் பெயரும் பிற்காலத்தில் விநாயகரைப் பாடுவோர் பெயர்களாக வளர்ந்தது ஒப்புநோக்கத்தக்கது.

பாரி மகளிர் கதையில் இக்கலப்பு முழுமை பெறுகிறது. புறநானூறு அம்மகளிரின் இயற்பெயரைத் தரவில்லை. 112ஆம் பாடலும் 'பாரி மகளிர்' பெயரிலேயே உள்ளது. பிற்கால மரபு அவர்களை அங்கவை, சங்கவை என அழைத்து, கோவலூரில் அவர்கள் திருமணத்தை முடித்தவர் ஔவையார் என்கிறது. கபிலர் மேற்கொண்டு அலைந்த பொறுப்பு ஔவையாரிடம் சென்றது. ஒரு பெயர் பலரைச் சேர்த்துக்கொண்டு வளர, மற்றொரு பெயர்க்கு உரிய செயல் அதனிடம் போய்ச் சேர்ந்தது. பெயர்க் கலப்பால் விளையும் இழப்பு இங்குத் தெளிவாகிறது. நண்பனின் மக்களுக்காக அரசர் வாயில்தோறும் சென்று மறுக்கப்பட்ட ஒருவரின் துயரம், விநாயகர் அருளால் எளிதில் நிறைவேறும் அற்புதமாக மாறிவிடுகிறது.

7. பிரித்தாய்வின் எல்லை

1859இல் சைமன் காசிச்செட்டி வெளியிட்ட தமிழ்ப் புளூட்டார்க், 1886இல் அ. சதாசிவம்பிள்ளை வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம் ஆகியவை சங்க நூல்கள் பரவலாக அச்சேறுவதற்கு முந்தியவை. தனிப்பாடலும் வாய்மொழி மரபுமே அன்று பெரிதும் கிடைத்த சான்றுகள். உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த பின்னரே, கொளுக்களைக் கொண்டு புலவரைப் பிரித்தறிய வழி பிறந்தது. அவ்வழியில் அடுத்த தலைமுறை ஆய்வாளர் செய்த பணி பெரிது.

ஆனால் கொளு கிடைத்ததும் அதுவே இறுதிச் சான்றாகக் கொள்ளப்பட்டது. கொளுவும் பாடலுக்குப் பின் எழுதப்பட்ட ஒரு சாட்சியமே. கல்வெட்டைப் பிற்காலத்தது என்று விலக்குவோர் கொளுவின் காலத்தையும் ஆராய வேண்டும். பாடல், கொளு, சாசனம், கதை ஆகிய நான்கும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கோடு கபிலரைப் பேசியவை. அவற்றுள் ஒன்று கூறாததை மற்றொன்றிலிருந்து எடுத்து நிரப்பும்போது, எக்காலத்தும் வாழ்ந்திராத ஒரு கபிலர் உருவாகிறார். புலவரைப் பிரிப்பதில் காட்டும் கவனம் சான்றுகளைப் பிரிப்பதிலும் காட்டப்பட வேண்டும்.

8. முடிவுரை

கபிலர் என்னும் பெயரைத் தாங்கியவர் ஒருவர்க்கு மேற்பட்டோர் என்பது தொகுத்தோர் காலத்திலேயே அறியப்பட்ட உண்மை. புகழ் மிக்கவர் அடையற்றவராக நிற்க, முந்தியவர் தொல்கபிலரானார். சைவ மரபு 'தேவர்' என்னும் ஒட்டால் அப்பெயரைத் தனதாக்கியது. சோழர் காலச் சாசனம் மலையர் குலப் பெருமைக்கு ஏற்பக் கபிலரின் இறுதியை எழுதியது. அகவல் சாதி மறுப்புக்கு அப்பெயரைத் துணைக்கொண்டது. இவற்றுள் வரலாற்றுக் கபிலர்க்கு மிக அணுக்கமானவை அவர் பாடல்களும் சமகாலப் புலவர் கூற்றுகளுமே. ஏனையவை அந்தந்தக் காலத்தாரின் தேவைக்குச் சான்றுகள். அந்நிலையில் அவையும் மதிப்புடையவை.

மலையமான் திருமுடிக்காரிக்குக் கபிலர் கூறிய அறிவுரை ஒன்று புறநானூறு 121இல் உள்ளது. பரிசில் வேண்டி நான்கு திசையினின்றும் பலர் வருவர்; கொடுத்தல் எளிது, தரமறிதல் அரிது; ஆதலின் புலவர் எல்லோரையும் ஒரு தன்மையராக நோக்குதலை விடுக என்பது அதன் கருத்து. கோவலூர் வேந்தனுக்குச் சொன்ன அச்சொல், ஒரு பெயரில் நிற்கும் பலரை ஆராயும் இலக்கிய வரலாற்றுக்கும் பொருந்துவதாகும்.